பன்னிரண்டு கல்லும் மூன்று பால்டித் தண்ணீரும்

போன மாதம் பிராஜக்தா போன் செய்தாள். நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த கடல் ஆய்வுக்கூடத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அதையும் சேர்த்துத்தான் என்னிடமிருந்து பொறுப்பேற்றுக்கொண்டாள். என்னை ‘செல்வி மாவ்ஷி’ என்று கூப்பிடுவாள். மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி.

லேபுக்குத் தரச் சான்றிதழ் கொடுக்க ஒரு அதிகாரி வந்திருக்கிறாராம். எங்கள் வேலைமுறைத் தாளில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே ‘ஆதாரம்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார். மற்ற விதிகளுக்கெல்லாம் ஏதாவது புத்தகமோ கட்டுரையோ எழுதியாகிவிட்டது. ஏழாவது விதிக்கு மட்டும் கட்டம் காலியாக இருக்கிறது. இரண்டு நாள் தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று எனக்காவது தெரியுமா என்று கேட்டாள்.

ஏழாவது விதி இதுதான்: எதைக் கழுவினாலும், கழுவிய தண்ணீரைக் கொட்டக் கூடாது.

நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். பிராஜக்தாவிடம், இது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. லேபின் ஸ்டோரில் இருக்கிற தமிழர் வாசித்துச் சொல்லட்டும். அவரும் ரொம்ப நாளாக ஒரு வேலையும் செய்யாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நான் பிறந்து வளர்ந்தது பம்பாயில், தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் சந்தில் பதினாறு வீட்டுக்கு ஒரு குழாய். காலையில் தண்ணீர் வரும், எட்டு மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு அன்றைய தண்ணீர் அவ்வளவுதான். என் அம்மா அன்னபாக்கியம் அந்தத் தண்ணீரை ஆண்ட விதத்தை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் ஊறும். பாத்திரம் அலசிய இரண்டாம் தண்ணீரில் அழுக்குத் துணி ஊறும். துணி அலசிய கடைசித் தண்ணீர் வாசலுக்கும் சந்துக்கும். ஒரு குடம் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தால் நாலு வேலை பார்க்காமல் வெளியே போகாது. நான் எட்டு வயதில் ஒருமுறை கை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். அன்றைக்கு வாங்கிய அடியை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

முனிசிபல் தமிழ்ப் பள்ளி, அப்புறம் கல்லூரி, விலங்கியல் பட்டம், பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருடம். பிறகு செம்பூரிலிருந்து டிராம்பே போகிற வழியில் இருந்த இந்த ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளர் வேலை. தற்காலிகம் என்றால், ஒரு திட்டம் இருக்கிறவரை நான் இருப்பேன், திட்டம் முடிந்தால் நானும் முடிந்தேன். முதல் ஆறு மாதம் பாட்டில் கழுவினேன். நன்றாகக் கழுவினேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் கழுவிய பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள ஆட்கள் போட்டி போட்டார்கள்.

என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தவர் டாக்டர் பார்வதி. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். நாங்கள் எல்லாரும் பார்வதி மேடம் என்போம். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைப்பார், காப்பி பிளாஸ்கை அதன் பக்கத்தில் வைப்பார், பிறகு யாருடனும் பேச மாட்டார். அவர் வாயிலிருந்து ‘தப்பு’ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. தப்பாக இருந்தால், “இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்பார். அதைக் கேட்டதும் செய்ததை முதலிலிருந்து மறுபடி செய்ய உட்காருவோம்.

எங்கள் வேலை ஆழ்கடல் மண்ணில் இருக்கிற பிராணிகளை எண்ணுவது. கரையோர மண் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே ஐந்து கிலோமீட்டர் ஆழம். மாட்டுங்காவிலிருந்து செம்பூர் போகிற தூரத்தை நிமிர்த்து வைத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அங்கே வெளிச்சம் கிடையாது, செடி கிடையாது. மேலிருந்து விழுகிற துகள்தான் சாப்பாடு. கப்பலிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியைக் கம்பியில் இறக்குவார்கள். அது தரையில் இறங்கி, ஒரு சதுரம் மண்ணை அப்படியே வெட்டி எடுத்துக்கொண்டு மேலே வரும். பர்ஃபி வெட்டி எடுக்கிற மாதிரி. அந்த மண்ணைச் சல்லடையில் சலித்து, மிஞ்சுவதைப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி பம்பாய்க்கு அனுப்புவார்கள்.

எங்களிடம் வந்ததும் ரோஜா நிறச் சாயம் கலப்போம். சதை இருக்கிற எல்லாம் சிவக்கும், மண் சிவக்காது. ஒரு ஸ்பூன் மண்ணை எடுத்துக் கண்ணாடித் தட்டில் பரப்பி, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று வயல் உழுகிற மாதிரி பார்த்துக்கொண்டே போக வேண்டும். சிவப்பாக எது கண்ணில் பட்டாலும் ஊசியால் எடுத்துக் குப்பியில் போட வேண்டும். குப்பிக்குள்ளே ஒரு சீட்டு, அதைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா என்றால் ஸ்பிரிட்டில் கரைந்து, எந்த இடத்துப் புழு என்றே தெரியாமல் போய்விடும். ஒருவர் பார்த்து முடித்த மண்ணை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய எனக்கு இந்த வேலை கை வந்துவிட்டது. மேடம் மறுபடி பார்த்த என் தட்டுகளில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த நாட்களில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்ச நஞ்சம் இல்லை.

அந்தக் கடல்தரையில் மண் மட்டும் இல்லை, கல்லும் உண்டு. கறுப்பாக, உருளைக்கிழங்கு அளவில், மண்ணின் மேல் பாதி புதைந்து கிடக்கும். பக்கத்தில் இருக்கிற நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் உலோகம் படிந்து படிந்து, அந்த அளவுக்கு வளரப் பல பத்து லட்சம் ஆண்டு ஆகுமாம். மாங்கனீசு, செம்பு, நிக்கல் எல்லாம் அதில் இருக்கிறது. அதனால் பெட்டி மேலே வந்ததும் கல்லையெல்லாம் பாறைப் பிரிவுக்காரர்கள் பொறுக்கிக் கழுவிக் கொண்டுபோய்விடுவார்கள். மிச்ச மண்தான் எங்களுக்கு. அவர்கள் எங்களைப் ‘புழு டிபார்ட்மெண்ட்’ என்பார்கள். நாங்கள் அவர்களைப் பெயர் வைத்துக் கூப்பிடவில்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்த கப்பல் பயணத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் சிக்கல் வந்தது. பாறைப் பிரிவின் தலைவர், புழு டிபார்ட்மெண்ட் கப்பலுக்கு வரவேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கே தோண்டினாலும் ஒரே மண்தான், அதில் இருப்பதை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது, இனி எதற்கு இவர்களுக்கு இடம் என்பது அவர் வாதம். பார்வதி மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. கல் கிடக்கிற மண்ணும் கல் இல்லாத மண்ணும் ஒரே இடம் இல்லை, கல்லின் மேலேயே குடியிருக்கிற பிராணிகள் இருக்கும், அவை மண்ணில் கிடைக்காது என்றார். காட்டுங்கள் என்றார் தலைவர். முந்தைய பயணத்தில் மேடம் கெஞ்சிக் கேட்டு, கழுவாமல் அப்படியே ஸ்பிரிட்டில் போட்டு வைத்த பன்னிரண்டு கல் இருந்தது. ஒரு வாரத்துக்கு மட்டும் அதைக் கடனாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் எங்களுக்குக் கப்பலில் இடமும் இல்லை, திட்டமும் இல்லை. திட்டம் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை.

கல் வந்த அன்று மேடம் ஊரில் இல்லை, மூன்று நாள் வெளியூர்க் கூட்டத்தில் இருந்தார். என் மேஜையில் பென்சிலால் எழுதிய சீட்டு இருந்தது: கற்களை வாங்கி வை, நான் வந்து பார்த்தபின் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கலாம். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

இரண்டாம் நாள் பாறைப் பிரிவிலிருந்து போன் வந்தது. கல்லைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து எடை போட்டு வையுங்கள், சீக்கிரம் வேண்டியிருக்கும் என்றார்கள். நான் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். கல்லெல்லாம் சேறு. இடுக்கெல்லாம் சேறு. அப்போது எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான்: மேடம் வந்து பார்க்கும்போது கல் பளிச்சென்று இருந்தால் நன்றாகத் தெரியுமே. சேற்றுக்குள் என்ன தெரியும்? மண்ணில்தான் பிராணி இருக்கும், கல் என்றால் கல்தான் என்று இத்தனை நாள் பழகிய புத்தி. அடுத்த தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒரு டூத் பிரஷ் வாங்கி வந்தேன்.

அன்றைக்கு நான் தேய்த்த மாதிரி வாழ்க்கையில் எதையும் தேய்த்ததில்லை. பம்பாயில் வாளியைப் பால்டி என்போம். முதல் பால்டித் தண்ணீரில் ஆறு கல், இரண்டாவது பால்டியில் ஆறு கல், மூன்றாவதில் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசி அலசல். கல்லின் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும், அடிப்பக்கம் காலிஃபிளவர் மாதிரி குழியும் மேடுமாக இருக்கும். ஒரு குழி விடாமல் பிரஷை விட்டுக் குடைந்தேன். கறுப்புத் தோல்கூடக் கொஞ்சம் உதிர்ந்தது. சாயங்காலம் பன்னிரண்டு கல்லும் வடிகட்டும் தாள் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மேடம் வந்தார். கடிகாரம், பிளாஸ்க். கல்லைப் பார்த்தார். முதல் கல்லை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கல். மூன்றாவது கல். பன்னிரண்டையும் பார்த்து முடிக்கிறவரை நான் பக்கத்தில் நின்றேன். நாலாவது கல்லிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் தேடிய பிராணி கல்லின் மேல் ஒட்டிக்கொண்டும் இடுக்கில் ஒளிந்துகொண்டும் இருக்கிற பிராணி. அதைத்தான் நான் பிரஷ் வைத்துக் குடைந்து எடுத்திருக்கிறேன்.

மேடம் கடைசிக் கல்லைத் தாள் மேல் வைத்தார். “ரொம்ப நன்னா தேய்ச்சிருக்காய், செல்வி” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பாராட்டுகிற குரலில் சொன்னார். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். இதைக் கேட்டு நிற்க முடியாமல் பாத்திரம் கழுவுகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வேலை போகிறது என்றுகூட அழவில்லை. இத்தனை வருடம் இந்தக் கல்லுக்காக வாதாடிய மனுஷிக்கு நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று அழுதேன். முகத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று குனிந்தபோது, தொட்டிக்குக் கீழே இரண்டு பால்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

நான் வைத்ததுதான். லேபில் எல்லாரும் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். குழாயைத் திறந்தால் நாள் முழுவதும் தண்ணீர் வருகிற இடம் அது. எனக்கு மட்டும் கை வராது. எதைக் கழுவினாலும் பால்டியில் பிடித்துத் தொட்டிக்கு அடியில் தள்ளிவிடுவேன், தரை துடைக்க ஆகட்டும் என்று. என்னைக் கேலி செய்வார்கள். தாராவிக்காரி கடலையே கொண்டு வந்தாலும் ஒரு பால்டி பிடித்து வைப்பாள் என்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு ஒரு யோசனையாகத் தோன்றிச் செய்ததில்லை. மூச்சு விடுகிற மாதிரி அதுபாட்டுக்கு நடக்கும்.

நான் ஓடிப்போய், “மேடம், கழுவின தண்ணி இருக்கு. கொட்டல” என்றேன்.

அவர் எழுந்த வேகத்தில் பிளாஸ்க் சாய்ந்தது. பார்வதி மேடம் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். பால்டிகளைப் பார்த்தார். “மூணு இருக்கணுமே?” என்றார். இருந்தது இரண்டுதான். முதல் ஆறு கல்லைத் தேய்த்த பால்டி அங்கே இல்லை. எங்கள் பெருக்குகிற அம்மாள் சாந்தாபாய் காலையில் அதை எடுத்து வராந்தா முழுவதும் துடைத்துவிட்டிருந்தார். ஸ்பிரிட் வாசனையோடு இருந்ததால் ஃபினாயில் கலந்த தண்ணீர் என்று நினைத்தாராம். தரை நன்றாகப் பளபளக்கிறது, இன்னும் அந்த மாதிரித் தண்ணீர் இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார்.

மேடம் துடைத்த துணியைக் கொண்டுவரச் சொன்னார். அதையும் அலசிச் சலித்துத் தட்டில் வைத்துப் பார்த்தோம். தலைமுடி, கடலைத் தோல், ஒரு எறும்பின் கால். மேடம் நிமிர்ந்து, “வராந்தாவோட ஜீவராசி வேற, கேட்டியா. இதை எண்ண வேண்டாம்” என்றார். அழுத கண்ணோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கையும் காலும் ஓடின.

மீதி இரண்டு பால்டியை மிக நுண்ணிய சல்லடையில் ஒரு குவளை ஒரு குவளையாக ஊற்றினோம். பால்டியின் அடியையும் ஓரத்தையும் மூன்று முறை அலசி ஊற்றினோம். சாயம் கலந்தோம். கல்லைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாலு நாள் இருந்தது. நான் ஒரு மைக்ராஸ்கோப், மேடம் ஒரு மைக்ராஸ்கோப். முதல் நாள் முழுவதும் கறுப்புத் தூளும் என் டூத் பிரஷின் முடியும்தான் அகப்பட்டன. அந்த முடி பார்ப்பதற்குப் புழு மாதிரியே இருக்கும். நாலு தடவை அதைப் பத்திரமாகக் குப்பியில் எடுத்துப் போட்டேன், நாலு தடவையும் மேடம் ‘இன்னொரு தடவை பார்க்கலாமா’ என்றார்.

இரண்டாம் நாளிலிருந்து வர ஆரம்பித்தது. நூல் புழுக்கள். கடுகைவிடச் சிறிய இறால் இனங்கள். சுண்ணாம்புக் குழாய்க்குள் சுருண்டு கிடந்த புழு. மண்ணில் எத்தனையோ பாட்டில் பார்த்திருக்கிறேன், இவற்றில் பலதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. மேடம் மட்டும் அசையவில்லை. பாறைப் பிரிவின் தலைவர் என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும்: இது கல்லில் இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கல்லோடு ஒட்டி வந்த சேற்றில் இருந்திருக்கலாம் இல்லையா?  கல்லைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் கல்லை நான் பளிங்காக ஆக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என் தட்டில் ஒன்று வந்தது. சின்னஞ்சிறு கிளைகள் விட்டுப் பூவேலை செய்த லேஸ் மாதிரி ஒரு பிராணிக் கூட்டம், அரை அரிசி அளவுதான் இருக்கும். அதன் அடியில் கறுப்பாக ஒரு துணுக்கு. அழுக்கு என்று நினைத்து ஊசியால் தள்ளினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனேன். ஏற்கெனவே ஒரு தடவை சுத்தம் செய்து பட்டது போதாதா என்று கை தானாக நின்றுவிட்டது. மேடத்தைக் கூப்பிட்டேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கறுப்புத் துணுக்கு கல்லின் தோல். பிராணி கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. நான் பிரஷை வைத்துத் தேய்த்த தேய்ப்பில், பிடித்த பிடியை விடாமல், கல்லின் தோலையும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. சேற்றில் குடியிருந்த பிராணிக்குக் காலடியில் கல் இருக்காது.

“நீ மெதுவா தேய்ச்சிருந்தா இது கிடைச்சிருக்காது” என்றார் மேடம். பிறகு தன் பிளாஸ்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அந்த பிளாஸ்கிலிருந்து அதற்கு முன்னால் யாரும் காப்பி குடித்ததாகச் சரித்திரம் இல்லை.

அதற்குப் பிறகு எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டது. அடியில் கறுப்பு ஒட்டிய குழாய்கள், கறுப்பு ஒட்டிய சின்னப் பஞ்சுயிர், அதாவது ஸ்பாஞ்ச் என்கிற பிராணி என்று ஒவ்வொன்றாக வந்தது. காப்பி குடிக்கும்போது மேடம் என்னிடம் கேட்டார், அவ்வளவு பெரிய தரை பரந்து கிடக்கும்போது இதுகளுக்கு ஏன் இந்தக் கல்தான் வேண்டும் என்று. பரீட்சை வைக்கவில்லை, யோசித்துக்கொண்டே கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “எங்க சந்துல ஒரு சுவர் நின்னா போதும் மேடம். ஒருத்தர் அதுல தகரத்த சாய்ச்சு வீடு கட்டுவாரு. வீட்டுக்கு மாடி வந்தா ஏணி வரும், ஏணிக்குக் கீழ ஒருத்தர் இஸ்திரி போடுவாரு. வெறும் மைதானத்துல யாரு இருப்பா?”

மேடம் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். நான் விளையாட்டுக்குக் குறிக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் முடிந்து, கப்பலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற கூட்டத்துக்கு மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு. அறிக்கையை மேடம் வாசித்தார். கற்களைப் பார்க்கும் முன்பே கழுவிவிட்டோம், ஒரு பால்டித் தண்ணீர் வீணாகிவிட்டது, அதனால் எந்தப் பிராணி எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. என் பெயரை எழுதவில்லை. உதவியாளரின் பிழை என்றும் எழுதவில்லை. ‘எங்கள் பிழை’ என்று எழுதியிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு சந்து, சுவர், ஏணி, இஸ்திரிக் கடை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். சமதளமான மண்ணில் ஒருவகைக் குடிகள். அதில் ஒரு கல் கிடந்தால் அதன் மேல் ஒருவகை, இடுக்கில் ஒருவகை, அதன் ஓரத்தில் ஒருவகை. கல்லை எடுத்துவிட்டால் மண் இருக்கும், இந்தக் குடிகள் இருக்காது. இந்தக் கல் மறுபடி வளர எத்தனை காலம் ஆகும் என்பது பாறைப் பிரிவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும் என்று முடித்தார்.

தலைவர் எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அந்த லேஸ் பிராணியைத்தான் நான் வைத்திருந்தேன். அதன் காலில் இருந்த கறுப்பு எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் அந்தக் கறுப்பைப் பார்த்தவர். நிமிர்ந்து, அடுத்த தடவை பெட்டி மேலே வந்தால் கல்லை முதலில் யார் தொடுவது என்று மட்டும் கேட்டார்.

“நாங்க” என்று தமிழில் சொல்லிவிட்டேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அந்தக் கப்பலில் நானும் போனேன். அம்மா ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து செய்து கொடுத்து, சபையில் எனக்காக ஜெபம் செய்யச் சொல்லிப் போதகர் ஐயருக்கு ஆள் அனுப்பினாள். முதல் மூன்று நாள் வாந்தி. நாலாம் நாள் பெட்டி மேலே வந்தது. தலைக்கு மேலே நடுக்கடல் வெயில் கொளுத்துகிறது, மண்ணில் கை வைத்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவு மாதிரி ஜில்லென்று இருக்கிறது. மண்ணின் மேல் ஒரு கல். கல்லின் மேல் வெள்ளையாக ஒரு பஞ்சுயிர் காம்பு வைத்து நின்றது. அதன் காம்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நட்சத்திரப் பிராணி, அதன் ஐந்து கையும் நூல் மாதிரி. கல் மேல் ஒரு குடி, அந்தக் குடியின் மேல் இன்னொரு குடி. எங்கள் சந்தின் மாடி வீடேதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கும் இது தெரியும்.

கல்லை நான்தான் முதலில் தொட்டேன். முதலில் படம், பிறகு மைக்ராஸ்கோப், பிறகு சில்லென்ற வடிகட்டிய கடல்நீரில் மெதுவாக ஒரு அலசல். அலசிய தண்ணீருக்குத் தனிப் பால்டி, அதற்கு மூடி, மூடி மேல் பென்சில் சீட்டு. கப்பல்காரர்கள் என்னை ‘பால்டி மேடம்’ என்று கூப்பிட்டார்கள். டூத் பிரஷைக் கப்பலுக்கே கொண்டுபோகவில்லை. பல் தேய்க்க மேடத்திடம் கேட்டு ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்ததும் மேடம் புதிய வேலைமுறைத் தாளை டைப் செய்யக் கொடுத்தார். ஏழாவது விதி அதில்தான் முதல்முதலாக வந்தது. எனக்கு நிரந்தர வேலை ஆனது அதற்கும் அடுத்த வருடம். இப்போது பிராஜக்தாவின் லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. பிராணியைப் பார்க்கவே வேண்டாம், அது இருந்த தண்ணீரைக் கொடுத்தால் போதும், அதில் மிதக்கிற அணுவளவு தடயத்தை வைத்து யார் யார் அங்கே குடியிருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறது. உங்கள் வேலையெல்லாம் போய்விட்டதே என்று என்னிடம் துக்கம் விசாரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு என்ன துக்கம்? கழுவிய தண்ணீருக்கு இவ்வளவு மரியாதை வரும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த முதல் பால்டியையும் பூட்டி வைத்திருப்பேன்.

இந்தக் கதை வந்து சேருகிறவரை கட்டத்தில் என்ன எழுதுவது என்று பிராஜக்தா அன்றைக்கே போனில் கேட்டாள். ‘அன்னபாக்கியம், தாராவி’ என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள். இது புத்தகமா கட்டுரையா என்று அதிகாரி கேட்டாராம். நேரில் சொன்னது என்று பதில் கொடுத்திருக்கிறாள். அப்படி ஒரு வகை ஆதாரம் முறைப்படியே உண்டு என்பதால் அவரும் டிக் போட்டுவிட்டார். அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள்.

என் அம்மாவுக்கு இப்போது எண்பத்து நாலு வயது. என்னோடு செம்பூரில்தான் இருக்கிறாள். நாள் முழுவதும் குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனாலும் எங்கள் குளியலறையில் மூன்று பால்டி எப்போதும் நிறைந்து நிற்கும். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, ஆங்கிலத்தில் இருந்த அவள் பெயரை விரலால் காட்டி, முழுக் கதையையும் முதலிலிருந்து சொன்னேன். கல், பிரஷ், மூன்று பால்டி, ஐந்து கிலோமீட்டர் ஆழம், கூட்டம், கப்பல்.  பெயர் வந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவளை வேறு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி செல்வி, சலிச்சு எடுத்தியள்லா, மிச்சம் ரெண்டு பால்டி தண்ணி. அத அப்புறம் என்ன செஞ்சிய?”

சாந்தாபாய் வந்து மாடிப்படி துடைக்க எடுத்துக்கொண்டு போனார் என்றேன்.

“ம். சரி” என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.